வராத திருடனுக்குப் போட்ட பூட்டு

நம் தொழிலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார். "மேடம், நீங்க தடுத்ததிலேயே பெரிய திருட்டு எது?" நல்ல பிள்ளை, ஆசையாகத்தான் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. தடுத்த திருட்டுக்குப் பெரிது சிறிது என்ற அளவே கிடையாது, அதுதான் நடக்கவே இல்லையே. நடக்காத ஒன்றுக்காக யாரும் நமக்கு மாலை போட மாட்டார்கள். கல்லெறியாமல் விட்டால் சரி. இத்தனை வருடத்தில் எனக்கு மிஞ்சியது கண் எரிச்சலும் முதுகுவலியும் இந்த ஒரு ஞானமும்தான்.

வேலை பார்த்த காலத்தில் பாதியை ஒரு வங்கியின் கணினிப் பிரிவிலும் மீதியை மற்றவர்களின் கிரிப்டோ ஒப்பந்தங்களில், அதாவது காசைக் கையாளும் நிரல்களில், ஓட்டை தேடுவதிலும் கழித்துவிட்டு, இப்போது பாளையங்கோட்டையில் வீட்டோடு இருக்கிறேன். ஓட்டை தேடுவது எப்படி என்று சொல்லித்தர எனக்குத் தெம்பில்லை. அதற்கு உங்களிடம் ஆயிரம் வீடியோ இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகு என்ன ஆகும் என்பதை எந்த வீடியோவும் சொல்லாது. அதனால் சாகுல் பாய் கதையைச் சொல்கிறேன். பெயர்கள் எல்லாம் மாற்றியவை.

சாகுல் பாய் மேலப்பாளையத்துக்காரர். பாதி வயதை வளைகுடாவில் கணக்கு எழுதிக் கழித்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். அப்போது எங்கள் அலுவலகம் திருநெல்வேலி டவுணில், தெற்கு ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருந்தது. அலுவலகம் என்றால் நானும் இசக்கியும்தான். இசக்கி என் கூட்டாளி, வயதில் மிகவும் இளையவன். வேலையில் கெட்டிக்காரன், வாய் கொஞ்சம் நீளம். சாகுல் பாய் மாடிப்படி ஏறி வந்தபோது அவருடைய ஒப்பந்தம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "எல்லாம் நல்லாத்தான் ஓடுது யக்கா. இருந்தாலும் ஊரு காசு. ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்றார். ஓடிக்கொண்டிருக்கும்போது தானாக வந்து பார்க்கச் சொன்ன ஆட்களை நான் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

விஷயம் இதுதான். தெருவில் இருப்பவர்களும் வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர்களும் சேர்ந்து பேரீச்சம்பழம், அத்தர், துணி என்று இறக்கி விற்கும் வியாபாரம். பங்குக்கு அடையாளமாக ஒரு டோக்கன். அந்த டோக்கனை ஒப்பந்தத்தில் போட்டுவைத்தால் லாபத்தில் பங்கு. இதைத்தான் ஸ்டேக்கிங் என்கிறோம். லாபமெல்லாம் டாலர் மதிப்புள்ள காசாக ஒரே பெட்டியில் சேரும். பெட்டிக்குக் காவலாக மனிதர் யாரும் இல்லை, ஒப்பந்தம் என்று நாம் சொல்கிற நிரல் மட்டும்தான். எழுதியபடி அது கொடுக்கும், யார் வந்து கேட்டாலும் கொடுக்கும்.

வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று எழுதினால் அது வட்டி. வட்டி அவர்களுக்கு ஆகாது. அதனால் சாகுல் பாய் ஒரு வழி செய்திருந்தார். டோக்கனை எடுக்கிற நேரத்தில் சந்தையில் அதற்கு என்ன விலையோ, அந்த விலைக்குப் பெட்டியிலிருந்து காசு வரும். ஏறினால் லாபம், இறங்கினால் நட்டம். எடுக்கிற நேரத்து விலையாகவே இருக்க வேண்டும், நேற்றைய விலை கூடாது என்று பெரியவர்களும் சொல்லியிருந்தார்கள். யாரும் யாரையும் ஏமாற்றிவிடக் கூடாது என்று பயந்து பயந்து எழுதிய விதி. ஓட்டை சரியாக அங்கேதான் இருந்தது.

சந்தை என்று அவர்கள் சொன்னது டோக்கனுக்கு டாலர் காசு மாற்றித் தரும் ஒரே ஒரு சின்ன மாற்றுக்குளம். பெருங்காசோடு ஒருவன் வந்து அதிலிருக்கும் டோக்கனை எல்லாம் அள்ளினால் விலை அந்த நொடியில் எங்கேயோ போய்விடும். அதே நொடியில் அவன் ஸ்டேக்கிங்கில் போட்ட டோக்கனை எடுத்தால், ஒப்பந்தம் அந்த விலைக்கே எண்ணிக் கொடுத்துவிடும். பிறகு அள்ளியதைத் திரும்பக் குளத்தில் போட்டால் விலை பழையபடி இறங்கிவிடும். பெட்டி மட்டும் காலியாக இருக்கும். இதற்குச் சொந்தக் காசுகூட வேண்டாம். எடுத்த நொடியிலேயே திருப்பிக் கட்டுவதாக இருந்தால் பிணை இல்லாமல் எவ்வளவு வேண்டுமானாலும் கடன் கிடைக்கும். அதற்குத்தான் ஃபிளாஷ் லோன் என்று பெயர்.

மருந்து எளிது. நொடி விலையை விட்டுவிட்டு நாள் முழுவதற்கும் சராசரி விலையை எடுத்துக்கொள்ள வேண்டும். சொன்னேன். சாகுல் பாய் முகம் வாடிவிட்டது. "நாள் முழுக்க உள்ளதுன்னா அது எந்த நேரத்து வெல யக்கா? மார்க்கத்துல இதுக்கு இடமிருக்கான்னு கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார். கேட்க வேண்டிய மார்க்க அறிஞர், அவர்கள் ஊர் ஆலிம், மக்காவுக்கு உம்ரா போயிருந்தார். பதில் வரும்வரை ஒப்பந்தத்தை நிறுத்திவைப்போமா என்று கேட்டதற்கு, "காரணஞ் சொல்லாம நிறுத்துனா சனம் பயந்துரும்" என்றார். சரி, பதில் வரட்டும் என்று இசக்கி ஒரு கண்காணிப்பு மட்டும் போட்டுவைத்தான்.

லாபத்தைப் பெட்டியில் வரவு வைக்கவும், அவசரத்துக்கு ஒப்பந்தத்தைப் பூட்டவும் மூன்று சாவிகள் இருந்தன. இரண்டு பேர் தங்கள் கைபேசியில் கையெழுத்துப் போட்டால் பூட்டிவிடலாம். ஒன்று சாகுல் பாயிடம், ஒன்று அவர் மச்சான் மீரானிடம், ஒன்று அதே தெருவில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம். மூன்று பேரும் தொழுகை தவறாதவர்கள். அதற்காகவேதான் அவர்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நானும் அதைப் பார்த்து, நல்ல மனிதர்கள் என்று திருப்தியாகத் தலையாட்டியிருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டை எடுக்கலாமா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது இசக்கி கூப்பிட்டான். "மேடம், இங்கன வந்து பாருங்க. ஒருத்தன் சொறிஞ்சு பாக்கான்."

யாரோ ஒருவன் ஒரு டீக்குக்கூடக் காணாத காசை வைத்துக்கொண்டு அந்தக் குளத்தில் கொஞ்சம் டோக்கன் வாங்கி, விலையை ஒரு இழை ஏற்றி, அந்த விலைக்கு ஒப்பந்தத்திலிருந்து எடுத்திருந்தான். போன வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையும். கண்காணிப்பில் மணி அடிக்காத அளவுக்குச் சின்னத் தொகை. இன்று சற்று முன் அதே கணக்கு முகவரியிலிருந்து, பெரிதாக அள்ளத் தயாராவது போல, தனக்கென்று ஒரு நிரல் எழுதி ஏற்றியிருந்தான், அதனால்தான் மணி அடித்தது. மற்ற நாட்களில் அவன் வந்த தடமே இல்லை. வெள்ளிக்கிழமை, அதுவும் மதியம் மட்டும்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சாவிக்காரர்கள் எப்போதெல்லாம் கையெழுத்துப் போட்டார்கள் என்பது எல்லாரும் பார்க்கும்படி பொதுப் பேரேட்டிலேயே கிடக்கும். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவனும் அதை வரிசையாகப் பார்த்தால், இந்த மூன்று பேரும் வெள்ளிக்கிழமை மதியம் ஒருபோதும் கையெழுத்துப் போடுவதில்லை என்று கண்டுகொள்ளலாம். ஊர் தெரியாது, பெயர் தெரியாது, ஆனால் ஜும்ஆ தொழுகை நேரத்தை அவன் கண்டுபிடித்துவிட்டான். இருக்கிற ஒரே பூட்டுக்கு மூன்று சாவி, மூன்றும் ஒரே பள்ளிவாசலில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தன.

மூன்று பேரையும் மாற்றி மாற்றி அழைத்தோம். மூன்று கைபேசியும் அணைந்திருந்தன. இசக்கி பைக்கை எடுத்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினேன். குறுக்குத்துறை தாண்டி கருப்பந்துறை வழியாக ஆற்றைக் கடக்கும்போது ஒரு வைக்கோல் லாரி பாலத்தை அடைத்துக்கொண்டு பைய ஊர்ந்தது. இசக்கி அடித்த ஹாரனுக்கு லாரிக்காரர் கையை வெளியே நீட்டி, பொறு என்று காட்டினார். அந்த லாரிக்குப் பின்னால் போகும்போது நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றுதான். இவன் திருடன்தானா? படிக்கிற பையன் எவனாவது விளையாடிப் பார்க்கலாம். விலை வித்தியாசத்தில் காசு பார்க்கிற சின்ன வியாபாரியாக இருக்கலாம். இது திருட்டு என்று எந்த நீதிமன்றத்திலும் என்னால் நிரூபிக்க முடியாது. அந்தச் சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தெருவின் காசை எல்லாம் பூட்டச் சொல்லப் போகிறேன்.

பள்ளிவாசலுக்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் பயான், தொழுகைக்கு முந்தைய பிரசங்கம், கேட்டுக்கொண்டிருந்தது. தெருவில் ஆளே இல்லை. வாசலில் காதர் பாய் என்ற வயதானவர் கால் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீற்றோடு இசக்கியும், மூச்சு வாங்கிக்கொண்டு நானும் போய் நின்றதைப் பார்த்து அவர் நிமிர்ந்தார்.

இசக்கி என் காதருகே வந்தான். "மேடம், சாகுல் பாயோட வாப்பாவுக்கு நெஞ்சுவலின்னு சொல்லிருவோம். ஓடி வந்துருவாரு."

உண்மையைச் சொன்னால், அந்தப் பொய் எனக்கும் தோன்றியிருந்தது. பாலம் தாண்டுவதற்கு முன்பே தோன்றிவிட்டது. வேண்டாம் என்றேன். நாளைக்கு இந்த ஊர் என்னிடம் என்ன நடந்தது என்று கேட்கும். முதல் வார்த்தையே பொய் என்று தெரிந்தால் மீதியை யார் நம்புவார்கள்? நெருக்கடியில் பொய் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்தான். பிறகு நாம் சொல்லும் ஒவ்வொரு உண்மைக்கும் சாட்சி கேட்பார்கள். இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

"என்னம்மா வேணும்? ஜும்ஆ நடக்குல்லா" என்றார் காதர் பாய்.

"தெரியும் பாய். சாகுல் பாயையும் அவர் மச்சானையும் உடனே பார்க்கணும். இந்தத் தெருக்காரங்க காசு போட்டு வச்சிருக்க பெட்டிக்கு ஆள் வந்திருக்கான். பூட்டுற சாவி அவங்ககிட்ட இருக்கு."

"களவாணியா? நீங்க பாத்தியளா?"

"தடத்தைப் பார்த்தேன். ஆளைப் பார்க்கல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காசும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை நேரத்தில் யாரோ வந்து சர்ச் வாசலில் நின்று கூப்பிட்டால் எழுந்து வருவேனா? தெரியவில்லை.

"பொருளு களவு போவுதுன்னா தொழுகையிலேருந்தே விலகி வரலாம்னு இருக்கு. இப்பம் பயான்தானே நடக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நாற்காலியைப் பிடித்து எழுந்து உள்ளே போனார்.

சாகுல் பாயும் மீரானும் வெளியே வந்தார்கள். நிறைந்த கூட்டத்தில், முன்வரிசையிலிருந்து, எல்லாரையும் தாண்டி வந்தார்கள். அத்தனை கண்களும் அவர்கள் முதுகில் இருந்ததை வாசலில் நின்ற நானே பார்த்தேன். அதன் விலை என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது.

சொன்னேன். வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னதும் சாகுல் பாய் தலையில் கை வைத்தார். "தொழுவுற நேரம் பாத்தா வாரான்? அல்லாவே" என்றார். காசு போகப் போகிறது என்பதைவிட அதுதான் அவரை முதலில் அடித்தது.

"உறுதியா வருவானா யக்கா?"

"தெரியாது பாய்."

"பூட்டுனா?"

"சராசரி விலைக்கு மாத்துற வரைக்கும் யாரும் ஒரு பைசா எடுக்க முடியாது."

"பூட்டலேன்னா?"

"வந்தான்னா ஒண்ணும் மிஞ்சாது. வரலேன்னா ஒண்ணுமில்ல."

மீரான் குறுக்கே வந்தார். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், ஊர் வாயை நன்றாக அறிந்தவர். "மச்சான், அவசரப்படாதிய. அடுத்த வாரம் ரெண்டு வீட்ல கலியாணம் இருக்கு. இப்பம் போய்ப் பூட்டுனா ஊரே நம்ம வாசல்ல வந்து நிக்கும். இந்தம்மாவே தெரியாதுங்குது. தொழுதுட்டு வந்து பாத்துக்கிடலாம்."

சாகுல் பாய் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில், "கண்டிப்பா வருவான், பூட்டுங்க" என்று நான் சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். பழியை என் தலையில் போட்டுவிட்டுப் பூட்டியிருப்பார். உங்களில் பலருக்கு அப்படிச் சொல்லத்தான் வாய் வரும், தைரியம் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அந்த மனிதர் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் நம் வேலைதான். மிகக் கஷ்டமான வேலை. நான் மறுபடியும் தெரியாது என்றுதான் சொன்னேன்.

"உள்ள கெடக்குறது நம்ம காசு மட்டுமாயிருந்தா தொழுதுட்டு வரலாம் மச்சான்" என்று சொல்லி சாகுல் பாய் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து உயிர்ப்பித்தார். அங்கேயே, செருப்புகளுக்கு நடுவில் நின்று கையெழுத்துப் போட்டார். மீரானின் கைபேசி வீட்டில் இருந்தது. நாங்கள் நான்கு பேரும் வெயிலில் வேகமாக நடந்தோம். ஜன்னல்களில் பெண்கள் வந்து பார்த்தார்கள். மீரான் முணுமுணுத்துக்கொண்டே இரண்டாவது கையெழுத்தைப் போட்டார். பூட்டு விழுந்தது.

பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. இசக்கி அங்கேயே மீரான் வீட்டுப் படியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். யாரும் வரவில்லை. விவரமான திருடன் அப்படித்தான். ஏற்றுவதற்கு முன் தன் கணினியில் ஒத்திகை பார்ப்பான், பூட்டியிருந்தால் கதவைத் தட்டக்கூட மாட்டான். வந்தான் என்பதற்கோ வரவில்லை என்பதற்கோ ஒரு தடயமும் இல்லை. அன்று மாலையே அந்த முகவரியை நம் தொழிலில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் போட்டு எச்சரித்தேன். இரண்டு பேர் கட்டைவிரல் குறி போட்டதோடு சரி.

மறுநாள் காலை சாகுல் பாய் வாசலில் கூட்டம். அவர்கள் கண்ணில் என்ன பட்டதோ அதைத்தான் பேசினார்கள். பயான் நடக்கும்போது மச்சான்மார் இரண்டு பேரும் எழுந்து போனார்கள். வெளியூர் ஆட்கள் இரண்டு பேர் வந்து கூட்டிப்போனார்கள். அன்றிலிருந்து காசு எடுக்க முடியவில்லை. ஒவ்வொன்றும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

பள்ளிவாசல் நிர்வாகமான ஜமாஅத்தில் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். மரியாதையாக நாற்காலி போட்டு, குளிர்பானம் கொடுத்துத்தான் கேட்டார்கள். அவர்களுடைய செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தையை வைத்தே சொன்னேன். சந்தைக்கு ஒருவன் கடன் காசோடு வந்து, ஒரே மூச்சில் எல்லா ஆட்டையும் வாங்கிவிடுகிறான். விலை மூன்று மடங்கு ஏறுகிறது. இன்றைய சந்தை விலைக்கு ஆட்டை எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்த ஒருவரிடம் போய்த் தன் கிழட்டு ஆட்டை அந்த விலைக்குத் தள்ளுகிறான். பிறகு வாங்கிய ஆட்டை எல்லாம் திருப்பிக் கொடுத்துக் கடனை அடைத்துவிடுகிறான்.

நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். பின்வரிசையில் ஒருவர் கேட்டார். "அம்புட்டுக் காசையும் பிணையில்லாம ஒரு நொடிக்கு எவம்மா குடுப்பான்?"

"யாரும் இல்லை, நிரல்தான் கொடுக்கும்" என்றேன். கூட்டம் சிரித்தது. நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

"சரி, அந்தக் களவாணி வந்தானா?"

"வரலை."

"வரல. அப்பம் யாரக் கண்டும்மா பூட்டுனிய?"

இசக்கி திரையைத் திருப்பி அந்தச் சின்னச் சின்ன எடுப்புகளைக் காட்டினான். ஒரு டீக்குக் காணாத காசுக்காகவா ஊர்க் காசைப் பூட்டினீர்கள் என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவர்களிடம் அதைக் கேட்கும் பொறுமை இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கல்யாண வீட்டுக்காரர்களில் ஒருவர் பாத்திமா. கணவர் சவூதியில், தம்மாமில் ஓட்டுநர். அவர் சாகுல் பாய் வீட்டு முற்றத்தில் நின்று அழுததை நான் பார்த்தேன். "நாள் குறிச்சாச்சுண்ணே. மாப்ள வீட்டுக்கு நா என்னத்தச் சொல்லுவேன்?" சாகுல் பாய் வீடு கட்டுவதற்காக வாங்கிப்போட்டிருந்த மனையைக் கிடைத்த விலைக்கு விற்று, இரண்டு கல்யாண வீட்டுக்கும் கொடுத்தார். கல்யாணங்கள் நன்றாக நடந்தன. அடுத்த வாரம் தெருவில் புதுப் பேச்சு கிளம்பியது. "பூட்டுன பெட்டியிலேருந்து காசு எடுக்க முடியாதுங்காரு. அப்பம் இவருக்கு மட்டும் எங்கேருந்து வருது?" அந்த மனிதர் எந்தப் பக்கம் கை வைத்தாலும் அது அவருக்கே எதிராகத் திரும்பியது. "களவாணி வந்து அள்ளிட்டுப் போயிருந்தா எல்லாரும் எனக்காக அழுதிருப்பாவ யக்கா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஆலிம் உம்ராவிலிருந்து வந்து கேள்வியைக் கேட்டதும் அங்கேயே பதில் சொன்னார். சந்தை விலை என்பது பலர் கூடிக் கொடுக்கிற விலை, ஒருவன் ஒரு நொடி ஏற்றிக் காட்டியது விலையே ஆகாது, சராசரி வைத்துக்கொள்ளலாம் என்றார். இவ்வளவுதான் விஷயம். இது ஒரு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மாற்றி எழுதி, சோதித்து, பூட்டைத் திறந்தோம். மூன்றாவது சாவியை ஆசிரியரிடமிருந்து வாங்கி வேறு ஊரில் வேறு பொழுதில் வாழ்கிற ஒருவரிடம் கொடுத்தோம். நீங்கள் எந்த ஒப்பந்தத்தைப் பார்த்தாலும் சாவி யாரிடம் என்று மட்டும் கேட்காதீர்கள், அவர்கள் எப்போதெல்லாம் ஒன்றாக இருப்பார்கள் என்றும் கேளுங்கள்.

அந்தச் சாவிக்கெல்லாம் வேலையே வரவில்லை. திறந்த உடனே அத்தனை பேரும் போட்டதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் முதல் குறையவில்லை. எடுக்க எடுக்க டோக்கன் விலை இறங்கிக்கொண்டே வந்தது. எல்லாரும் போன பிறகு கடைசியாக எடுத்தவர் சாகுல் பாய். அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கையிருப்புச் சரக்கை மீரான் தலையில் கட்டிவிட்டு, மறுபடியும் வளைகுடாவுக்கே போவதென்று முடிவு செய்தார். ஐம்பதைத் தொட்ட வயதில், ஒரு கிடங்கில் கணக்கெழுதும் வேலைக்கு.

அவர் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு செய்தி வந்தது. வேறு ஏதோ ஒரு நாட்டில், இதே மாதிரி ஒரு ஸ்டேக்கிங் ஒப்பந்தத்தைச் சுத்தமாக வழித்து எடுத்துவிட்டார்கள். மாற்றுக்குளத்தில் விலையை ஏற்றி, அந்த நொடியிலேயே எடுத்துக்கொண்டு போயிருந்தான். முகவரியைப் பார்த்தேன். நம் ஆள்தான். மேலப்பாளையத்தில் வெள்ளிக்கிழமை மதியங்களில் சொறிந்து பார்த்த அதே ஆள். ஏற்றிய நிரல்கூட அன்று ஏற்றியதேதான்.

இசக்கி எழுந்து நின்று கை தட்டினான். "மேடம், இத அப்படியே அவிய தெரு வாட்ஸ்அப் குரூப்புல போட்டா போதும். வாயடைச்சிரும்." முதலில் சாகுல் பாயிடம் காட்டுவோம் என்று ஆட்டோ பிடித்துப் போனேன். வழியெல்லாம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். நெடுநாளுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு உடம்பில் அலுப்பு தெரியவில்லை.

கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. அவர் மனைவி துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். சாகுல் பாய் என் கைபேசியை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டு முகவரியையும் விரலால் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். கணக்கு எழுதியவர், அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் ஒரு கணம் மலர்ந்தது. கல்யாண வீட்டில் பார்ப்பது போன்ற மலர்ச்சி. பிறகு அது அப்படியே வடிந்துபோனது.

"அங்க எம்புட்டுப் பேரு காசு யக்கா?"

"நிறையப் பேர். எண்ணிக்கை இன்னும் சரியா வரலை."

"ஒண்ணும் மிஞ்சலியா?"

"இல்ல பாய்."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இசக்கித் தம்பி இத குரூப்புல போடணும்னு சொல்லியிருக்குமே?"

"ஆமா. நீங்க சரின்னு சொன்னா இப்பவே போட்டிருவோம். ஜமாஅத்துக்கும் நானே வந்து சொல்றேன்."

அவர் மனைவி மடிப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். அவருக்குத்தான் அது மிகவும் வேண்டியிருந்தது. தெருவில் தலை குனிந்து நடந்தவர் அவர்.

"வேண்டாம் யக்கா" என்றார் சாகுல் பாய். "இதக் காட்டுனா எம் பேரு நல்லாயிரும், தெரியும். ஆனா இதப் பாத்ததும் மொதல்ல எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? சந்தோசம். அங்கன அத்தன குடி கெட்டுப் போச்சு, எனக்கு வயிறு குளுந்து போச்சு. எவன் மவ கலியாணக் காசோ. இந்தச் சந்தோசத்த ஊரெல்லாம் கொண்டு போயி நா காட்டவா?"

நான் கைபேசியை வாங்கிக்கொண்டேன். ஆட்டோவில் வரும்போது எனக்கு அலுப்புத் தெரியாமல் இருந்ததே, அதற்குக் காரணமும் அதே சந்தோஷம்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடித்த சட்டையைப் பெட்டியில் வைத்தார்.

இசக்கிக்கு இன்றுவரை கோபம். நாங்கள் அதை யாரிடமும் காட்டவில்லை. சாகுல் பாய் அந்த வாரமே திருவனந்தபுரம் போய் விமானம் ஏறினார். மேலப்பாளையத்தில் இன்று போய் அவரைப் பற்றிக் கேட்டால், ஊர்க் காசைப் பூட்டிவைத்தவர் என்றுதான் சொல்வார்கள்.